கணக்கில் வராத ஒரு மணித்தியாலம்

2025 நவம்பர் நடுப்பகுதியில் ஒரு நாள், ரொறன்ரோவிலிருந்து என் பெறாமகன் தொலைபேசியில் அழைத்தான். அங்கே ஒரு களஞ்சியசாலையில் இரவுக் காவற் பணி செய்பவன் அவன். வழமையான சுகவிசாரிப்புகள் முடிந்த பின்னர், தயங்கித் தயங்கி ஒரு விடயத்தைச் சொன்னான்.

"பெரியப்பா, எனக்கு ஒரு மணித்தியாலச் சம்பளம் குறையுது. எங்க குறையுது எண்டு சொன்னாலும் அவங்களுக்கு விளங்கேல்லை. நீங்கள் பேப்பர்காரர், ஒருக்காப் பார்த்துச் சொல்லுங்கோ."

அவன் அனுப்பிய படத்தைப் பார்த்தேன். அது அவனுடைய வேலைத்தலத்தின் இணையப் படிவம். பணி தொடங்கிய திகதி, தொடங்கிய நேரம், முடிந்த திகதி, முடிந்த நேரம் என நான்கு கட்டங்கள். அவற்றின் கீழே, யாரும் கைவைக்க முடியாதபடி பூட்டப்பட்ட ஐந்தாவது கட்டம் ஒன்று. அதில் மொத்த நேரத்தைக் கணனியே கணித்து எழுதிவிடும். நவம்பர் 1, சனிக்கிழமை இரவு 10 மணிக்குத் தொடங்கி நவம்பர் 2, ஞாயிற்றுக்கிழமை காலை 6 மணிக்கு முடிந்ததாக அவன் பதிந்திருந்தான். ஐந்தாவது கட்டம் "8" என்றது.

விரல்விட்டு எண்ணினாலும் எட்டுத்தான் வரும். ஆனால் அந்த இரவு அவன் உழைத்தது ஒன்பது மணித்தியாலம். கோடைகால நேரம் முடிவடைந்து, அதிகாலை 2 மணிக்கு மணிக்கூடுகள் யாவும் மீண்டும் 1 மணிக்குத் திருப்பப்பட்ட இரவு அது. ஒன்றிலிருந்து இரண்டு வரையான ஒரு மணித்தியாலத்தை அந்நகரம் இருமுறை வாழ்ந்தது. என் பெறாமகன் அந்த இரண்டு முறையும் களஞ்சிய வாசலில் நின்றிருந்தான். படிவமோ ஒரு முறையை மட்டுமே கண்டது. மேற்பார்வையாளரிடம் முறையிட்டபோது, "கணனி எட்டு என்கிறது" என்பதே பதிலாக வந்திருக்கிறது.

இந்த ஒரு மணித்தியாலம் என்னைப் பல நாட்கள் யோசிக்க வைத்தது. இன்று விடுமுறை, சம்பளம், மருத்துவம், குடிவரவு, காப்புறுதி என எதற்கும் நாம் இணையப் படிவத்தையே நிரப்புகிறோம். இரண்டு திகதிகளையும் இரண்டு நேரங்களையும் கொடுத்தால் இடைப்பட்ட காலத்தை அது கணித்துச் சொல்கிறது. நாமும் நம்பிவிடுகிறோம். இரண்டு நேரங்களுக்கு இடையிலான காலத்தை அறிவது வெறும் கழித்தற் கணக்கு என்ற எண்ணமே இந்த நம்பிக்கைக்கு அடிப்படை. அது பிழையான எண்ணம் என்பதைச் சொல்லவே இப்பத்தி.

வருகைப் பதிவேடும் சிவப்பு மையும்

பழைய அனுபவம் ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். கொழும்பில் பத்திரிகையொன்றின் இரவு ஆசிரியபீடத்தில் நான் பணிபுரிந்த காலம். அச்சுக்கூடத்திற்குப் பொறுப்பாக ஒரு முதியவர் இருந்தார். இரவுப் பணியாளர் அனைவரும் கையொப்பமிடும் பெரிய பதிவேடு அவர் மேசையில் கிடக்கும். வந்த நேரம், சென்ற நேரம், மொத்தம் என மூன்று நிரல்கள். வலப்புறத்தில் இரண்டு விரல் அகலத்திற்கு ஒரு வெற்று ஓரம்.

1996ஆம் ஆண்டு வரட்சியினால் நீர்மின் உற்பத்தி வீழ்ந்து நாட்டில் கடும் மின்வெட்டு நிலவியது. பகல் வெளிச்சத்தைக் கூடுதலாகப் பயன்படுத்தலாம் என்று கருதிய அரசாங்கம் மே 25ஆம் திகதி முதல் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே நகர்த்தியது. அதாவது மே 24 இரவு எட்டு மணிக்கு வந்து அதிகாலை நான்கு மணிக்குச் சென்றவர் உழைத்தது ஏழு மணித்தியாலம் மாத்திரமே. முதியவர் மொத்த நிரலில் "7" என்று எழுதி, ஓரத்தில் சிவப்பு மையால் "நேரம் மாறிய இரவு" என்று குறித்தார். சிலர் முணுமுணுத்தனர். அவர் அசையவில்லை.

அவ்வாண்டு ஒக்டோபர் 26ஆம் திகதி அதே மணிக்கூடு அரை மணித்தியாலம் பின்னே நகர்த்தப்பட்டது. ஒக்டோபர் 25 இரவு எட்டுக்கு வந்து அதிகாலை நான்குக்குச் சென்றவர்களுக்கு அவர் எழுதியது "8½". ஓரத்தில் அதே சிவப்புக் குறிப்பு. கணக்காளர் பிரிவிலிருந்து எவரும் கேள்வி கேட்கவில்லை. மே மாதத்தில் ஏழு என்று எழுதியவரிடம் ஒக்டோபரில் எட்டரை பற்றி எப்படிக் கேட்பது?

அந்த மனிதர் கணனியைத் தொட்டதே இல்லை. ஆயினும் பணி நேரம் என்பது மணிக்கூட்டு முட்கள் காட்டும் இரண்டு இலக்கங்களின் வித்தியாசம் அல்ல, மனிதர் உண்மையில் கழித்த காலம் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அதை எழுதுவதற்கு ஒரு வெற்று ஓரமும் இருந்தது. இன்றைய படிவத்தில் அந்த ஓரம் இல்லை.

கழித்தல் எங்கே தடுக்கி விழுகிறது?

நேரத்தை மட்டும் கேட்டு, திகதியைக் கேட்காத படிவங்கள் முதலாவது வகை. இரவு 10 மணி என்பது 22. காலை 6 மணி என்பது 6. ஆறிலிருந்து இருபத்திரண்டைக் கழித்தால் மறை பதினாறு வரும். விடை மறையாக வந்தால் 24ஐக் கூட்டிவிடு என்பது மென்பொருள் எழுதுவோர் கைக்கொள்ளும் வழி. இரவுக் காவலாளிக்கு அது சரிவரும். வைத்தியசாலையில் காலை 8 மணிக்குக் கடமையேற்று மறுநாள் காலை 10 மணிக்கு வெளியேறும் இளம் வைத்தியருக்குச் சரிவராது. அவர் விழித்திருந்தது 26 மணித்தியாலம். படிவம் சொல்வதோ இரண்டு. அங்கே விடை மறையாகக்கூட வராதபடியால் பிழை நடந்ததே எவருக்கும் தெரியாது.

இரண்டாவது வகைப் பிழை ஒரு சிறு புள்ளியில் ஒளிந்திருக்கிறது. எட்டு மணித்தியாலம் முப்பது நிமிடத்தை நாம் 8.30 என்று எழுதிப் பழகியவர்கள். அதே எண்ணைக் கணனிக்குக் கொடுத்தால் அது தசமமாகவே கொள்ளும். 8.30 மணித்தியாலம் என்பது அதற்கு எட்டு மணித்தியாலம் பதினெட்டு நிமிடம். ஓர் இரவில் பன்னிரண்டு நிமிடம் கரைந்துபோகிறது. ஐந்து இரவுகளில் முழுதாக ஒரு மணித்தியாலம். மாதம் முழுவதும் வேலை செய்பவர் எவ்வளவு இழப்பார் என்பதை வாசகர்களே கணித்துக் கொள்ளலாம்.

மூன்றாவது வகை, திகதிகளை மட்டும் கழிப்பது. மூன்றாம் திகதி முதல் ஐந்தாம் திகதி வரை விடுமுறை கேட்கிறோம். ஐந்திலிருந்து மூன்றைக் கழித்தால் இரண்டு. ஆனால் நாம் வேலைக்குப் போகாத நாட்கள் மூன்று. தொடக்க நாளும் இறுதி நாளும் உள்ளடங்குமா என்பதைப் படிவம் சொல்லவேண்டும். பெரும்பாலானவை சொல்வதில்லை.

மரண அறிவித்தல்களைப் பல்லாண்டுகள் ஒப்புநோக்கியவன் என்ற வகையில் இதில் எனக்கு நேரடி அனுபவம் உண்டு. நம்மவர் எட்டுச் செலவையும் முப்பத்தோராம் நாளையும் கணிக்கும்போது இறந்த நாளையே முதலாம் நாளாகக் கொள்வர். மார்ச் 1ஆம் திகதி காலமானவருக்கு மார்ச் 31ஆம் திகதி முப்பத்தோராம் நாள். கணனி இவ்விரு திகதிகளையும் கழித்து முப்பது என்று சொல்லும். இரண்டும் சரி. கேள்வி வேறு என்பதால் விடையும் வேறு. கணனியை நம்பி முப்பத்தொன்றைக் கூட்டி, ஏப்ரல் 1ஆம் திகதிக்கு உறவினரை அழைத்தவர் அல்லவா சங்கடப்படப் போகிறவர்!

இதைவிடப் பாரதூரமான உதாரணம் ஒன்று நம் நாட்டுச் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம், தடுப்புக் கட்டளை பிறப்பிக்கப்படாதவிடத்துக் கைது செய்யப்பட்டவரை 72 மணித்தியாலத்திற்குள் நீதவான் முன் நிறுத்தவேண்டும் என்று வகுத்தது. சட்டம் எழுதியது மணித்தியாலத்தை. மக்கள் பேச்சிலும், ஏன், எங்கள் செய்திகளிலும் அது "மூன்று நாள்" ஆனது. திங்கட்கிழமை அதிகாலை ஒரு மணிக்கு ஒருவர் பிடிக்கப்படுகிறார் என்று கொள்வோம். வியாழக்கிழமை நள்ளிரவுக்கு ஒரு நிமிடம் முன்னர் அவர் இன்னமும் அடைக்கப்பட்டிருக்கிறார். திகதிகளைக் கழிக்கும் படிவம் மூன்று நாள் என்று பதியும். மணித்தியாலத்தை எண்ணினால் 94ஐத் தாண்டியிருக்கும். சட்டம் அனுமதித்த எல்லையைக் கடந்து 22 மணித்தியாலத்திற்கும் மேல் ஒரு மனிதர் உள்ளே இருந்திருப்பார். பதிவிலோ யாதொரு பிழையும் இராது.

சோதிடர் கேட்கும் மூன்றாவது கேள்வி

திகதியையும் நேரத்தையும் சேர்த்துக் கேட்டுவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடும் என்று எண்ணவேண்டாம். என் பெறாமகனின் படிவம் இரண்டையும் கேட்டது. அது கேட்காமல் விட்டது வேறொன்று.

நம் ஊர்களில் பிள்ளை பிறந்தால் சாதகம் கணிக்கச் செல்வோம். சோதிடத்தில் நம்பிக்கை உண்டா இல்லையா என்பது இங்கு விடயமன்று. சோதிடர் முதலில் பிறந்த திகதியைக் கேட்பார். அடுத்து நேரத்தைக் கேட்பார். மூன்றாவதாக, "பிள்ளை பிறந்தது எவ்விடம்?" என்று கேட்பார். இடம் தெரியாமல் நேரத்திற்குப் பொருள் இல்லை என்பது அவருக்குத் தெரியும். இடத்தைக் கேட்ட பின்னர், விடயம் தெரிந்த சோதிடர் இன்னொன்றையும் கேட்பார்: "பழைய நேரமோ, புதிய நேரமோ?"

ஏனெனில் இலங்கையின் மணிக்கூடு ஒரே இடத்தில் நின்றதில்லை. 1906ஆம் ஆண்டில் கிறீன்விச் நேரத்திலிருந்து ஐந்தரை மணித்தியாலம் முன்னால் என்று நிர்ணயிக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரின்போது, 1942 ஜனவரியில் அரை மணித்தியாலமும் அவ்வாண்டு செப்டெம்பரில் மேலும் அரை மணித்தியாலமும் முன்னே தள்ளப்பட்டது. 1945 ஒக்டோபரில் பழைய நிலைக்குத் திரும்பியது. 1996 மே மாதம் ஆறரை. அவ்வாண்டு ஒக்டோபரில் ஆறு. 2006 ஏப்ரல் 15ஆம் திகதி, சித்திரைப் புத்தாண்டு பிறந்த கையோடு, மீண்டும் ஐந்தரை. ஆகவே 1943இல் பிறந்த பாட்டனாருக்கும் 1999இல் பிறந்த பேரனுக்கும் இன்றைய மணிக்கூட்டை வைத்துக் கணக்குப் பார்த்தால் இரண்டும் பிழைக்கும்.

இதற்குள் இன்னுமொரு மடிப்பும் இருக்கிறது. 1996இல் கொழும்பு நேரத்தை மாற்றியபோது விடுதலைப் புலிகள் தமது கட்டுப்பாட்டுப் பகுதிகளில் அதனை ஏற்கவில்லை. போர்நிறுத்தக் காலத்தில் ஓமந்தையைத் தாண்டி வன்னிக்குள் நுழைந்தவர்களுக்கு இது நினைவிருக்கும். வவுனியாவில் பத்தரை மணி என்றால் கிளிநொச்சியில் பத்து மணி. அங்கிருந்து வரும் செய்தியில் குறிப்பிடப்பட்ட நேரம் எந்த மணிக்கூட்டின்படி என்று கேட்டு உறுதிசெய்யாமல் அச்சுக்கு அனுப்பக்கூடாது என்பது ஆசிரியபீடத்தில் எழுதப்படாத விதி.

உலகெங்கும் கணனிகள் பயன்படுத்தும் நேர வலயத் தரவுத்தளம் ஒன்று உண்டு. எந்தெந்த இடத்தில் எப்போதெப்போது மணிக்கூடு மாற்றப்பட்டது என்ற வரலாற்றைத் தொண்டர்கள் சேகரித்துப் பேணிவரும் அரிய பணி அது. மேலே நான் கூறிய மாற்றங்கள் யாவும் அதில் உள்ளன. ஆயினும் முழு இலங்கைக்கும் "ஆசியா/கொழும்பு" என்ற ஒரே பதிவுதான் உண்டு. 1999இல் கிளிநொச்சியில் பிறந்த பிள்ளையின் நேரத்தைப் படிவத்தில் இட்டால் கணனி அதனைக் கொழும்பு நேரமாகவே கொள்ளும். அரை மணித்தியாலம் பிழைக்கும். ஒரு நிலத்தில் இரண்டு மணிக்கூடுகள் ஓடிய காலத்தை நினைவில் வைத்திருப்பவர்கள் இன்று நாம்தான்.

ஒரு காலையின் அரை மணித்தியாலம்

அரை மணித்தியாலம் என்ன பெரிய விடயம் என்று கேட்பவர்களுக்கு ஒரு காலைப் பொழுதை நினைவூட்டுகிறேன்.

2004 டிசெம்பர் 26. சுமாத்திராவுக்கு அப்பால் கடலடியில் நிலம் நடுங்கியது, உலகப் பொது நேரப்படி நள்ளிரவு கழிந்து 58 நிமிடம் 53 செக்கனில். அப்போது இலங்கையின் மணிக்கூடு ஆறு மணித்தியாலம் முன்னால் இருந்தது. ஆகவே மட்டக்களப்பில் காலை 6.58. நாகபட்டினத்தில் 6.28. முல்லைத்தீவில் பழைய நேரமே நடைமுறையில் இருந்தபடியால் அங்கும் 6.28. ஒரே கணம், ஒரே கடலைப் பார்த்த கரைகள், இரண்டு நேரங்கள்.

அன்று காலை 6.50ஐ ஒட்டிக் கொழும்புக் கோட்டையிலிருந்து தெற்கு நோக்கி ஒரு புகையிரதம் புறப்பட்டது. காலை 9.30 மணியளவில் பெரலியவில் பேரலை அதனை அடித்து வீழ்த்தியது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். உலகின் மிகக் கொடிய புகையிரத அனர்த்தமாக அது பதிவாகியிருக்கிறது.

இப்போது ஓர் ஆய்வு மாணவன் இரண்டு சம்பவங்களுக்கும் இடைப்பட்ட காலத்தைப் படிவமொன்றில் கணிக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். நடுக்கத்தின் நேரத்தை இந்தியப் பத்திரிகையிலிருந்து 6.28 என்று எடுக்கிறான். அல்லது உலகப் பொது நேரத்துடன் இலங்கையின் இன்றைய ஐந்தரை மணித்தியாலத்தைக் கூட்டுகிறான். அதுவும் 6.28 என்றே வரும். அலை வந்த நேரத்தை இலங்கைப் பதிவிலிருந்து 9.30 என்று எடுக்கிறான். படிவம் மூன்று மணித்தியாலம் இரண்டு நிமிடம் என்று சொல்லும். உண்மையில் இடைவெளி ஏறத்தாழ இரண்டரை மணித்தியாலம்.

இது வெறும் எண் அல்ல. பிழையான கணக்கின்படி பூமி அதிர்ந்து இருபது நிமிடத்திற்கும் மேல் கடந்த பின்னரே புகையிரதம் புறப்பட்டது போலத் தோன்றும். சரியான கணக்கின்படி பூமி அதிரும் வேளையில் அது கொழும்பை விட்டு நகரத் தொடங்கியிருந்தது. எச்சரிக்கை செய்ய எவ்வளவு அவகாசம் இருந்தது, யார் எப்போது என்ன செய்திருக்கலாம் என்ற கேள்விகள் இந்த அரை மணித்தியாலத்தின் மீதுதான் நிற்கின்றன. மாண்டவர்களின் உறவுகளுக்கு அந்த அரை மணித்தியாலம் சிறியதல்ல.

உள்ளே நடப்பது என்ன?

தொழில்நுட்பம் அறிந்தவர் சிலருடன் உரையாடியும் நானே பரீட்சித்தும் தெரிந்துகொண்டதைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

இணையப் படிவத்தில் திகதியையும் நேரத்தையும் ஒருங்கே பெறுவதற்கென இன்றைய நியமத்தில் உள்ள கட்டத்தின் பெயர் "டேட்டைம்-லோக்கல்". பெயரிலேயே "உள்ளூர்" என்று இருக்கிறது. ஆனால் எந்த ஊர் என்ற தகவல் அதில் இல்லை. நாம் இட்ட ஆண்டும் மாதமும் நாளும் மணியும் நிமிடமும் மட்டுமே அதிலிருந்து வெளியே செல்லும். இடத்தைச் சேர்த்துக் கேட்பது படிவத்தை அமைப்பவரின் பொறுப்பு. அவர் கேட்காவிட்டால், கணக்கை எந்தக் கணனி செய்கிறதோ அது தன் ஊரையே அந்த ஊராக எண்ணிக்கொள்ளும்.

ஜாவாஸ்கிரிப்ட் மொழி நேரத்தை 1970 ஜனவரி 1ஆம் திகதி முதல் கழிந்த மில்லிசெக்கன்களாக எண்ணுகிறது. அந்த எண்ணிக்கை பொதுவானது, அதில் தவறில்லை. நாம் எழுதும் எழுத்தை அந்த எண்ணாக மாற்றும் இடத்தில்தான் தடுமாற்றம். திகதியை மட்டும் நியம வடிவில் கொடுத்தால் அதனை உலகப் பொது நேரத்தின் நள்ளிரவாகக் கொள்ளும். திகதியுடன் நேரத்தையும் சேர்த்துக் கொடுத்தால் உள்ளூர் நேரமாகக் கொள்ளும். ஒரே மொழி, இரண்டு வழக்குகள்.

இதன் விளைவு நம்மவர்களுக்கு நன்கு பழக்கமானது. பிறந்த திகதியை மார்ச் 15 என்று பதிந்தால் ரொறன்ரோவில் உள்ளவரின் திரையில் மார்ச் 14 என்று தோன்றும். பொது நேரத்தின் நள்ளிரவில் ரொறன்ரோவில் இன்னமும் முதல் நாள் மாலைதான். அதே வேளை கொழும்பிலோ சென்னையிலோ அதிகாலை 5.30 ஆகியிருக்கும், திகதி மாறாது. அந்த மென்பொருளைக் கொழும்பிலோ சென்னையிலோ இருந்து எழுதிய இளைஞர் தம் திரையில் பரீட்சித்துப் பார்த்திருப்பார். சரியாகவே இருந்திருக்கும். பிழை தோன்றும் இடத்தில் அவர் இல்லை. அவர் இருக்கும் இடத்தில் பிழை தோன்றாது. கிழக்கில் எழுதி மேற்கில் பயன்படுத்தும் எதற்கும் இந்தக் குருட்டுப் புள்ளி உண்டு.

இன்னொன்று, ஒரு நாள் என்றால் 24 மணித்தியாலம் என்று கண்ணை மூடிக்கொண்டு வகுப்பது. ரொறன்ரோவில் ஆண்டுக்கு ஒரு நாள் 23 மணித்தியாலம், ஒரு நாள் 25 மணித்தியாலம். லண்டனிலும் அவ்வாறே, ஆனால் வேறு திகதிகளில். 2025இல் லண்டன் ஒக்டோபர் 26ஆம் திகதி மணிக்கூட்டைத் திருப்பியது. ரொறன்ரோ நவம்பர் 2ஆம் திகதி திருப்பியது. இடைப்பட்ட அந்த ஒரு கிழமையில் இரண்டு நகரங்களுக்கும் இடையிலான வித்தியாசம் ஐந்து மணித்தியாலமல்ல, நான்கு.

என்ன செய்யலாம்?

குறை சொல்வதோடு நின்றால் பத்திரிகையாளனின் வேலை பாதியோடு நின்றுவிடும். ஆகவே படிவம் அமைப்போருக்குச் சில வேண்டுகோள்கள்.

முதலாவது, இடத்தைக் கேளுங்கள். தொடங்கிய இடமும் முடிந்த இடமும் வேறாக இருக்கக்கூடுமாயின் இரண்டையும் கேளுங்கள். "ஐந்தரை மணித்தியாலம் முன்" என்று எண்ணாகச் சேமிப்பதோடு நின்றுவிடாமல் ஊரின் நேர வலயப் பெயரையும் சேமியுங்கள். எண் மாறக்கூடியது என்பதற்கு எங்கள் தீவே சாட்சி.

இரண்டாவது, பயனர் எழுதியதை எழுதியபடியே வைத்திருங்கள். கணித்த விடையை மட்டும் பாதுகாத்து மூலத்தை அழித்துவிட்டால், பிழை தெரியவரும் நாளில் திருத்த வழியிராது. கையெழுத்துப் பிரதியை அச்சேறிய உடனேயே எறியக்கூடாது என்பது எங்கள் தொழிலின் பாலபாடம்.

மூன்றாவது, முடிவு நாள் உள்ளடங்குமா இல்லையா என்பதைச் சொற்களில் எழுதுங்கள். மணித்தியாலத்தையும் நிமிடத்தையும் தனித்தனிக் கட்டங்களில் கேளுங்கள்.

நான்காவது, சமர்ப்பிக்கும் முன்னர் கணக்கை விளக்கமாகக் காட்டுங்கள். "சனி இரவு 10 முதல் ஞாயிறு காலை 6 வரை, ரொறன்ரோ நேரம், இவ்விரவில் மணிக்கூடு ஒரு மணித்தியாலம் பின்னே நகர்ந்தது, மொத்தம் 9 மணித்தியாலம்" என்று ஒரு வரி காட்டினால் போதும். அதைப் படிப்பவர் தன் அனுபவத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பார்.

ஐந்தாவதும் இறுதியானதும், ஒரு வெற்று ஓரம் விடுங்கள். பூட்டிய கட்டத்தின் அருகில், "இக்கணக்கு எனக்குச் சரியாகப் படவில்லை, காரணம் இது" என்று எழுத ஓர் இடம். அதனை ஒரு மனிதர் வாசிக்க வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் செலவாகும் என்று நிறுவனங்கள் சொல்லக்கூடும். எல்லாப் படிவத்துக்கும் இவையனைத்தும் தேவையில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஒரே ஊரில், ஒரே பகலில் தொடங்கி முடியும் வேலைக்கு வெறும் கழித்தலே போதும். ஆனால் கூலியும் சிறையும் மருந்தும் சாவும் சம்பந்தப்பட்ட இடங்களில் அது போதாது. அத்தகைய இடங்களில் பிழையின் சுமையைச் சுமப்பவர் எப்போதும் படிவத்தை அமைத்தவராக இருப்பதில்லை, இரவில் விழித்திருந்தவராகவே இருக்கிறார்.

வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. மணிக்கூடு மாறும் இரவுகளில் வேலை செய்பவர்கள் தம் நேரத்தைக் கடதாசியில் தனியே எழுதி வையுங்கள். எழுதி வைத்தவரிடம் "கணனி எட்டு என்கிறது" என்று எளிதில் சொல்லிவிட முடியாது.

பெறாமகனுக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். அதிகாலை 2 மணி மீண்டும் 1 மணியான விபரத்தைக் குறிப்பிட்டு, அன்றிரவு அவன் வாயிற் பதிவேட்டில் மணிக்கொரு முறை இட்ட கையொப்பங்களை எண்ணிப் பார்க்குமாறு கேட்டிருந்தோம். அந்தப் பதிவேட்டில் "1.30" என்ற நேரத்திற்கு நேரே அவன் பெயர் இரண்டு முறை இருந்தது. அடுத்த சம்பளத்தில் அந்த ஒரு மணித்தியாலம் சேர்க்கப்பட்டது.

"அவங்கள் படிவத்தைத் திருத்தினவங்களோ?" என்று கேட்டேன்.

"இல்லை பெரியப்பா. எனக்கு மட்டும் கையால எழுதிச் சேர்த்தவங்கள்."

அந்தக் களஞ்சியத்தில் அன்றிரவு வேலை செய்தவர்கள் மொத்தம் பதினொரு பேராம்.